துண்டில் ஏறாத எண்ணெய்

போன சீசனோடு எண்ணெய்க் கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டேன். முட்டி ஒத்துழைக்கவில்லை, குந்த முடியாதவன் கால் நீவ முடியாது. அதில் வருத்தமில்லை. சுற்றுலா பற்றிய ஒரு கூட்டத்தில், "குற்றாலத்தைக் கெடுத்ததே இந்த எண்ணெய்க்காரங்கதான்" என்று ஒருவர் பேச, எல்லாரும் கைதட்டினார்களே, அதுதான் ஆறவில்லை.

எண்ணெய் ஊற்றுவதுதான் எங்கள் வேலை என்று நினைக்கிறார்கள். ஊற்ற யாருக்கும் வரும். உள்ளே இறக்குவதுதான் தொழில்.

எனக்குக் கற்றுத்தந்தவர் என் தாய்மாமா. உச்சி, பாதம், பிடரி எதையும் தொடவிடாமல் வெகுநாள் முதுகை மட்டுமே தந்தார். மிளகு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய், உள்ளங்கைக் குழியில் நிற்கிற அளவுதான்; அதற்கு மேல் ஒரு சொட்டு கிடையாது. தேய்த்து முடித்ததும் வெளுத்த துண்டை முதுகில் போட்டு எடுப்பார். துண்டில் எண்ணெய் ஏறியிருந்தால் அன்று பாதிக் கூலி. எனக்கு எப்போதும் தோள்பட்டை எலும்புக்கு அடியில்தான் எண்ணெய் தேங்கும். எவ்வளவு அழுத்தினாலும் அந்தப் பள்ளம் கைக்கு வராது. "லேய், அழுத்தாத. அவரு கையை மடக்கி முதுகுக்குப் பின்னால வை" என்றார் ஒருநாள். வைத்ததும் எலும்பு தானாகத் தூக்கிக் கொடுத்தது. அந்த இடுக்கில் கட்டைவிரலை விட்டு விலாப்பக்கம் வழித்தால் எண்ணெய் ஓடி இறங்கிவிடும். அந்த வழிப்பு எனக்குப் பிடிபட வெகுகாலம் ஆயிற்று.

பிறகு அரை மணி நேரம் உட்காரவைப்போம். மிச்சம் மினுங்கினால் துண்டால் ஒற்றி எடுத்த பிறகே அருவிக்கு அனுப்புவோம். மேலிருந்து வரும் தண்ணீர் பொங்குமாங்கடல் என்ற பள்ளத்தில் விழுந்து வேகம் அடங்கி வருவதால்தான் பேரருவிக்கு மனிதன் தலை கொடுத்து நிற்க முடிகிறது. பாதி நாங்கள் தேய்ப்போம், மீதியை அது தேய்க்கும். குற்றாலநாதருக்கே, அகத்தியர் கைவைத்து அழுத்தியதில் வந்த தலைவலி தீர என்று மூலிகைத் தைலம் சார்த்துகிற ஊர் இது.

இன்றைக்குப் பையன்கள் பாட்டிலைச் சாய்த்து வழிய வழிய ஊற்றி, முதுகில் நாலு தட்டுத் தட்டி, "போங்க சார்" என்று எழுப்பிவிடுகிறார்கள். செல்போனில் பார்த்துப் பழகியதாம். வழிந்த எண்ணெய் போகச் சோப்பு, சோப்பு போக ஷாம்பு. அந்தப் பாக்கெட்டெல்லாம் பாறை இடுக்கில்.

2014-இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை, அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு, சீயக்காய் எதுவும் கூடாதென்று தடை போட்டது. என் பிழைப்பில் விழுந்த அடிதான். ஆனாலும் அந்தத் தடை நியாயம் என்றே சொல்வேன். இந்தத் தண்ணீர் குளிப்பவரோடு முடிவதில்லை. சிற்றாறாகித் தென்காசி வயல்களுக்குப் பாய்ந்து, சீவலப்பேரியில் தாமிரபரணியில் சேருகிறது. குடிப்பவர்களும் நாற்று நடுபவர்களும் கீழே இருக்கிறார்கள்.

என் கேள்வி வேறு. எண்ணெய்க்காரனை விரட்டுவது சுலபம். விடுதிக் கழிவுநீர் எங்கே போகிறது, ஒரு ஞாயிற்றுக்கிழமை எத்தனை வண்டிகளை ஊருக்குள் விடலாம் என்று அதே கூட்டத்தில் ஏன் ஒருவரும் வாய் திறக்கவில்லை? சாரல் விழா மேடையில் எல்லாக் கலைக்கும் இடம் உண்டு. எங்கள் கைக்கு மட்டும் இல்லை. தொழில் தெரிந்த கிழவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அருவியை விட்டுத் தள்ளி ஒரு கொட்டகை, எண்ணெய் ஆற்றில் கலக்காத ஒரு வடிகால், பையன்களை உட்காரவைத்துப் பழக்க ஒரு சீசன், கேட்பது இவ்வளவுதான்.

வருகிறவர்களுக்கும் ஒன்று. தேய்க்க உட்காருமுன் ஒரு வெள்ளைத் துண்டு கேளுங்கள். முடிந்ததும் உங்கள் முதுகில் போட்டு எடுக்கச் சொல்லுங்கள். எண்ணெய் ஏறியிருந்தால் பாதிக் கூலி கொடுங்கள், போதும். குளியலை விடுதி அறையிலேயே முடித்துவிட்டு அருவிக்கு வாருங்கள்.