ரெண்டு ஷேடு தூக்கிப் போடும்மா

பியூட்டிஷியன் கோர்ஸ் சேர்ந்த புதுசுல, மேக்கப்னா பிரஷ்ஷைக் கையில எடுக்கறதுதான்னு நினைச்சிட்டு இருந்தேன். அதுக்கு முன்னாடி ஒரு நோட்டும் பேனாவும் எடுக்கணும்னு புரிய வைச்சது என்னோட முதல் கல்யாணப் பொண்ணு. கூடப் படிக்கிற தோழியோட அக்கா, மதுரைப் பக்கம். பெரிய ஆளைக் கூப்பிட பட்ஜெட் இல்லை, அதனால நான் மாட்டினேன். (அவங்க மாட்டினாங்கன்னும் சொல்லலாம் :-))

கல்யாணத்துக்கு மூணு வாரம் முன்னாடி வீட்டுக்குப் போய் உட்கார்ந்து எல்லாத்தையும் கேட்டு எழுதிக்கிட்டேன். முகூர்த்தம் காலையில 6 மணியிலிருந்து 7.30. அப்படின்னா 3 மணிக்கு அக்கா நாற்காலியில உட்காரணும். மண்டபத்துல ஏசி கிடையாது. அரக்குக் கலர் பட்டு. முடி தோள் வரைக்கும்தான், அதுவும் மெலிசு, ஆனா பூ ஜடை வேணும். இமை ஒட்டற பசையையும் ஃபவுண்டேஷனையும் முழங்கை உள்பக்கம் தொட்டு வைச்சு ரெண்டு நாள் பார்க்கச் சொன்னேன். அரிப்பு எதுவும் இல்லை.

கடைசியா, "எப்படி இருக்கணும்னு நினைக்கிறீங்க?"ன்னு கேட்டேன். அக்கா கொஞ்சம் யோசிச்சு, "ஆல்பத்தைப் பாத்தா நான்தான்னு தெரியணும்"னாங்க.

அடுப்படியிலேர்ந்து அம்மா குரல். "ஏம்மா, ரெண்டு ஷேடு தூக்கிப் போடும்மா. மாப்பிள்ளை வீட்டுல எல்லாரும் நல்ல கலரு."

ரெண்டையும் எழுதிக்கிட்டேன். ட்ரையல் அன்னிக்குக் கேட்டது என்னவோ அம்மா சொன்னதைத்தான். காசு தரப்போறது அவங்கதானே! அந்த நேரத்துல என் புத்தி அவ்வளவுதான். ரூம் டியூப்லைட்ல பார்த்தப்ப பரவாயில்லைன்னுதான் பட்டுச்சு. வாசலுக்குக் கூட்டிட்டு வந்தேன் பாருங்க, வெயில்ல முகம் தனியா, கழுத்து தனியா. மாநிறத்துக்கும் கீழ இருக்கிற தோல்ல வெளிர் ஃபவுண்டேஷன் போட்டா வெள்ளையா ஆகாது, சாம்பல் பூத்துடும். அவங்க தம்பி, "அக்கா விபூதி பூசிருக்கு"ன்னு சிரிச்சான். அக்கா சிரிக்கலை. உள்ள போய்த் தானே துடைச்சுக்கிட்டாங்க. அதுக்கப்புறம் ட்ரையல் முடியற வரைக்கும் பேசவே இல்லை.

ராத்திரி தூக்கம் வரலை. 2020-ல அந்த பிரபல சிவப்பழகு க்ரீமே பேர்லேர்ந்து 'ஃபேர்' என்கிற வார்த்தையைத் தூக்கிட்டு 'க்ளோ' வைச்சுக்கிச்சு. நான் என்னடான்னா ஒரு டப்பாவைத் திறந்து, இருபத்தாறு வருஷமா அந்த வீட்டுல அவங்க கேட்டுட்டு இருந்த அதே பேச்சை அவங்க முகத்துல பூசிட்டு வந்திருக்கேன்.

மறுநாள் போய், "அக்கா, இன்னொரு ட்ரையல், காசு வேணாம்"னேன். இந்தத் தடவை தாடை ஓரத்துல மூணு ஷேடு கோடு போட்டு வாசல் வெளிச்சத்துல பார்த்தோம். எது தோல்ல கரைஞ்சு காணாமப் போகுதோ அதுதான் சரியான ஷேடு. கண்ணுக்குக் கீழ இருந்த நீலம் பாய்ஞ்ச கருமைக்கு ஆரஞ்சு கரெக்டர் மெலிசா. எஸ்பிஎஃப் கலந்த க்ரீம் எதுவும் கிடையாது. அதுல இருக்கற ஜிங்க், டைட்டானியம் எல்லாம் ஃப்ளாஷ் வெளிச்சத்தைத் திருப்பி அடிச்சு, போட்டோல முகம் மட்டும் வெளுத்துத் தெரியும்.

தலைதான் பெரிய வேலை. சவுரியைச் சொந்த முடியோட சேர்த்துப் பின்னினா மொத்த பூ பாரமும் நெத்தி முடியைப் பிடிச்சு இழுக்கும், மதியத்துக்குள்ள தலைவலி வந்துடும். அதனால பின்னந்தலையில சின்னதா இறுக்கமா ஒரு கொண்டை, அதுல யூ பின் குத்தி, ஏற்கெனவே பூ தைச்சு வைச்ச ஜடையை மாட்டறதுன்னு முடிவு பண்ணோம். ராக்கொடி கொண்டையை மறைச்சிடும். தலைக்குக் குளிக்கறதை முதல் நாளே முடிச்சிடச் சொன்னேன். அன்னிக்கே குளிச்ச முடி வழுக்கிட்டே இருக்கும், பின் நிக்காது.

எல்லாம் எழுதினவ ஒண்ணை மட்டும் விட்டுட்டேன். நலங்கு! முந்தின சாயங்காலம் சொந்தக்காரங்க எல்லாரும் ஆசை தீர மஞ்சள் பூசிட்டாங்க. விடியக்காலை 3 மணிக்குப் பார்த்தா முகம் எலுமிச்சை மஞ்சள். பார்த்து வைச்ச ஷேடு ஒட்டவே இல்லை. பாலும் கடலைமாவும் வைச்சுத் தேய்ச்சுக் கழுவி, கொஞ்சம் சிவப்பு கலந்த ஷேடைக் கையில குழைச்சுச் சேர்த்து, ஒருவழியா கழுத்தோட பொருத்தறதுக்குள்ள அரைமணி போச்சு. ஹோமப் புகையில கண்ணு கலங்கும்னு மை, மஸ்காரா ரெண்டும் வாட்டர்ப்ரூஃப். அது மட்டும் முதல்லயே யோசிச்சிருந்தேன், தப்பிச்சேன்.

5.30-க்கு அம்மா உள்ள வந்தாங்க. சுத்திச் சுத்திப் பார்த்தாங்க. எனக்குக் கை உதறுது.

"எல்லாம் சரிம்மா... கொஞ்சம் பவுடராவது போடேன்."

ட்ரான்ஸ்லூசண்ட் பவுடர் டப்பாவை எடுத்து, பஃப்ல தொட்டுத் தட்டி உதறிட்டு, அவங்க கையிலயே கொடுத்தேன். அதுக்கு நிறமே கிடையாது. எண்ணெய்ப் பசையை மட்டும் எடுக்கும். அம்மா பொண்ணோட முகவாயைப் பிடிச்சுக்கிட்டு ரெண்டு கன்னத்துலயும் ஒத்தி எடுத்தாங்க. ஓர் அடி பின்னாடி போய் நின்னு பார்த்தாங்க.

"ம்... இப்பத்தான் பாக்க லட்சணமா இருக்கு."

கண்ணாடியில அக்கா என்னைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிட்டு இருந்தாங்க. "அக்கா, உதட்டை ஆட்டாதீங்க, லிப்ஸ்டிக் காயலை"ன்னேன்.