முன்னிலையைத் தேடி ஏழு நாட்கள்

'எனக்காக அன்று, உனக்காக' என்பது நாட்டு நலப்பணித் திட்டத்தின் குறிக்கோள் வாசகம். காந்தியடிகள் நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பட்ட திட்டம் அது. இலக்கணம் பயிற்றுவித்துப் பழகிய நமக்கு, அவ்வாசகத்தில் தன்மையும் முன்னிலையும் மட்டுமே இருப்பதும் படர்க்கைக்கு அங்கே இடமில்லாததும் உடனே கண்ணில் படுகின்றன. முகாம் கோப்புகளோ முழுக்கப் படர்க்கையால் ஆனவை: பயனாளிகள், கிராம மக்கள், பழங்குடியினர். ஐம்பது மாணவர்களோடு ஜவ்வாது மலையில் ஏழு நாள் சிறப்பு முகாம் நடத்தியபோது, இவ்விரண்டுக்கும் இடையிலான தூரத்தை நாம் நேரில் கண்டோம்.

திட்ட அலுவலரின் வாரம் என்பது பெரும்பாலும் அரிசி மூட்டை, எரிவாயு உருளை, காய்ச்சல் மாத்திரை, பற்றுச்சீட்டு ஆகியவற்றின் வாரம். ஜமுனாமரத்தூருக்கு அப்பால் ஒரு சிற்றூரின் பள்ளிக் கட்டடம் நமது இருப்பிடம். முதல் நாளே ஒரு மாணவர், "இங்குள்ள மலையாளிகள் கேரளத்திலிருந்து வந்தவர்களா ஐயா?" என்று கேட்டார். மலையில் வாழ்வதால் வந்த பெயர் அது என்றும், அவர்கள் பேசுவது தமிழே என்றும், முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து குடியேறியதாக அவர்களிடையே வழங்கும் கதையையும் சொன்னோம்.

இரண்டாம் நாள் வீடுதோறும் கணக்கெடுப்பு. முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணியிடம், படிவத்தில் உள்ளபடி குடும்பத் தலைவரின் தொழிலைக் கேட்டார்கள். "வேலைக்குப் போயிருக்கார்" என்றார் அவர். "எந்த ஊருக்கும்மா?" என்ற அடுத்த கேள்விக்கு முறத்தின் ஓசை மட்டுமே பதிலாயிற்று.

2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லப்பட்டு, தமிழகத்தைச் சேர்ந்த 20 பேர் காவல்துறையால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களுள் இம்மலைப் பகுதியினரும் இருந்தனர். ஆண்கள் பிழைப்புக்காக வெளியூர் போகும் ஊரில் 'எங்கே' என்பது எளிய கேள்வி அன்று. அன்றிரவு இதை மாணவர்களுக்கு விளக்கிவிட்டுப் படிவங்களைக் கட்டி வைத்தோம். மறுநாள் அவர்கள் வெறுங்கையோடு சென்றார்கள்.

அதே பெண்மணிதான் மூன்றாம் நாள் ஒரு மாணவரைக் கூப்பிட்டார். "பாப்பாவுக்குச் சாதிச் சான்று வேணும். நீ எழுதித் தர்றியா தம்பி?"

வாசகத்தில் இருந்த 'நீ' இங்கே எதிர்த்திசையிலிருந்து வந்தது. பட்டியல் பழங்குடியினருக்குரிய சான்று கோட்டாட்சியர் அளவில் வழங்கப்படுவது. குடும்பத்தின் பழைய ஆவணங்களும் கேட்கப்படும். அச்சான்று இல்லாமல் உதவித்தொகையோ கல்லூரி இடஒதுக்கீடோ கிடைக்காது. மரக்கன்று நடுவதற்கென ஒதுக்கிய பொழுதில் மாணவர்கள் திண்ணையில் அமர்ந்து மனு எழுதினார்கள். எந்தத் தாள் இருக்கிறது, எது இல்லை என்று பட்டியலிட்டார்கள்.

நான்காம் நாள் மாலை மலைபடுகடாம் பற்றிப் பேசினோம். பெருங்கௌசிகனார் பாடிய அந்த 583 அடிகளின் தலைவனான நன்னனின் செங்கண்மா, இம்மலையை அடுத்த இன்றைய செங்கம். அதன் சேயாறு பிறப்பதும் இம்மலையில்தான். ஆற்றுப்படை என்பதே முன்னிலையில் நிகழும் பேச்சு. பரிசில் பெற்றவன் பெறாதவனை எதிர்ப்பட்டு, வழியில் எங்கே இடர், எங்கே யார் உணவிடுவர் என்று நேருக்கு நேர் சொல்கிறான். 'மனு எழுதுவதும் ஆற்றுப்படைதானே' என்று ஒரு மாணவி சொன்னபோது நாம் மறுக்கவில்லை. அலுவலகத்திற்குச் செல்லும் வழியை இவர்கள் அறிவார்கள். ஊற்றுக்குச் செல்லும் வழியை ஊரார் இவர்களுக்குக் காட்டியிருந்தார்கள்.

ஏழாம் நாள் அறிக்கை எழுத வேண்டியிருந்தது. 'பயனாளிகளின் எண்ணிக்கை' என்ற கட்டத்தை நிரப்பாமல் விட முடியாது. மனுக்களின் தொகையை நிரப்பினோம். ஆனால் மனு கொடுப்பதோடு சான்று வந்துவிடாது. தொண்டர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 120 மணி நேரம் பணியாற்ற வேண்டும் என்பது விதி. அம்மணி நேரங்களில் ஒரு பகுதியை இம்மனுக்களைப் பின்தொடர்வதற்கென ஒதுக்கி, ஊரார் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே ஒரு மாணவர் பெயரை எழுதி ஒரு தனித்தாள் தயாரித்தோம். அந்தத் தாளின் படி ஒன்று ஊரிலும் இருக்கிறது. எவரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும் என்று அந்தப் பெண்மணிக்குத் தெரியும்.