நமக்குப் பின் வருபவர்

நத்தத்தில் நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் கப்பலில் குழாய்ப் பழுது பார்க்கிறார். விடுமுறையில் வந்தவரிடம் அவர் தொழிலைப் பற்றி விசாரித்தோம். கப்பல் கழிப்பறைகளின் குழாயிலுள்ள காற்றைப் பம்பு உறிஞ்சி வைத்திருக்கும். பொத்தானை அழுத்தினால் வால்வு திறந்து, ஏறத்தாழ ஒரு லிட்டர் நீரிலேயே கழிவு இழுக்கப்படும். பம்பு ஓயாமல் ஓடினால் எங்கோ காற்றுக் கசிகிறது என்று பொருள். ஒவ்வொரு பிரிவாக அடைத்துப் பார்த்தே பழுதான அறையைக் கண்டறிவாராம்.

"பெரும்பாலும் வால்வு ரப்பரில் ஈரத்தாளோ துணியோ சிக்கியிருக்கும், உஸ்தாத். ஒருவர் போட்டதால் பல அறைகள் நின்றுவிடும். கையுறையணிந்து நாங்கள்தான் எடுக்க வேண்டும்" என்றார்.

நாம் தலைகுனிந்தோம். சென்ற மாதம் திண்டுக்கல்லில் ஏறிய ரயிலில், அதே வகைக் கழிப்பறையில், குழந்தையைத் துடைத்த ஈரத்தாளைப் போட்டோம். அது அடைத்துக்கொண்டது, யாரிடமும் சொல்லாமல் இருக்கைக்குத் திரும்பினோம்.

இருபது ஆண்டுகளாகத் தஹாரத்தின் சட்டங்களைக் கற்பிக்கிறோம். நமக்குப் பின் வருபவரின் தூய்மையும் நம்மிடமுள்ள அமானிதம் என்பதை மறந்தோம். முகமறியாத அவர்களிடம் மன்னிப்புக் கேட்க வழியில்லை. அல்லாஹ்விடம் தவ்பா செய்தோம். மத்ரஸாவின் தஹாரத் பாடத்தில் இனி இதுவும் இடம்பெறும், இன்ஷா அல்லாஹ்.