திரும்பி வரும் திகதி

சென்ற ஓகஸ்ட் விடுமுறையின் தொடக்கத்தில், திருத்தப்படாத பயிற்சிக் கொப்பிகள் குவிந்து கிடந்த என் மேசைமீது ஐந்து உல்லாசக் கப்பல்கள் வந்து நங்கூரமிட்டன. எல்லாம் காகிதக் கப்பல்கள்தாம். நுவரெலியாவில் ஒரு விடுதியில் பணிபுரியும் என் பழைய மாணவன் ஒருவன், விருந்தினர் விட்டுச்சென்ற பயண விளம்பர நூல்களைக் கட்டாகக் கட்டிக்கொண்டு வந்து தந்தான். "படமெல்லாம் நல்லா இருக்கு சேர். பிள்ளைகளுக்கு எதுக்காவது உதவும்" என்றான்.

வழவழப்பான தாள். நீலக்கடல். வெள்ளைக் கப்பல். ஒரு நூலில், கொழும்புத் துறைமுகத்துக்குரிய பக்கத்தில், எங்கள் மலையே இருந்தது. கூடை சுமந்து ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னே பச்சை. பச்சைக்கும் பின்னே, லயன் வரிசை இருந்திருக்க வேண்டிய இடத்தில், மூடுபனி.

"பள்ளிக்கூட வாத்தியாருக்கு உல்லாசக் கப்பல் எதற்கு?" என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டுச் சிரித்தார். கேள்வி நியாயமானதே. அட்டன் நகருக்கு அண்மையிலுள்ள ஒரு பாடசாலையில் உயர்தர வகுப்புக்குத் தமிழ் கற்பிப்பவன் நான். அந்தக் கப்பல்களில் ஏறும் நாள் எனக்கும் வராது, என் மாணவருக்கும் வராது. ஆயினும், இரண்டு பயணங்களை அருகருகே வைத்து, எது நமக்கு எதைத் தருகிறது, எதை மறைக்கிறது என்று ஆராயும் கலை செல்வர்க்கு மட்டும் உரியதன்று. மலையகத் தமிழரின் வரலாறே, ஒப்பிட்டுப் பார்க்க வாய்ப்பளிக்கப்படாத பயணங்களின் வரலாறன்றோ?

இரண்டு கவிதைகளை ஒப்பிட்டு நோக்குமாறு வகுப்பில் பலமுறை பயிற்சி தந்திருக்கிறேன். இம்முறை இரண்டு பயண நிரல்களை ஒப்பிடச் சொன்னேன். பதினெட்டுப் பிள்ளைகள் இரு அணியாயினர். ஓரணிக்கு அச்சிட்ட நூல்கள், மற்றையோர்க்குக் கைத்தொலைபேசி. தொலைபேசி அணியினர் அலைவரிசை கிடைக்கும் கோயில் மேட்டில் போய் உட்கார்ந்துகொண்டனர்.

தாள் அணி முதலிற் கண்டது இது: "பதினான்கு நாட் பயணம்" என்று அட்டையில் முழங்கிய நூலின் உள்ளே, ஆறு நாட்களுக்கு நேரே "கடலில்" என்ற ஒரே சொல்தான் இருந்தது. கட்டணத்துக்கு முன்னே "முதல்" என்றொரு சிறு சொல்; பின்னே ஒரு நட்சத்திரக் குறி. அந்த நட்சத்திரத்தைத் தேடிப் போனால், கடைசிப் பக்கத்தில் எறும்பு போன்ற எழுத்தில் விடை கிடைத்தது. அக்கட்டணம் சாளரமற்ற உள்ளறைக்கு உரியது. அதுவும் இருவர் சேர்ந்து தங்கினால். துறைமுக வரியும் பணியாளருக்கான அன்பளிப்பும் வேறு. "கொழும்பு: காலை 7 முதல் மாலை 6 வரை" என்றிருந்தது. கூடைப் பெண்ணின் படம் அந்தப் பக்கத்தில்தான். ஒரு மாணவன் விரலை மடக்கினான்: "நுவரெலியாவுக்குப் போக அஞ்சு மணி நேரம், திரும்ப அஞ்சு. அரை மணிக்கு முந்தியே கப்பலில் ஏறணும். மிச்சம் அரை மணி நேரம் சேர்." எங்கள் மலைக்கும் மக்களுக்கும் அந்த நூல் ஒதுக்கியது அவ்வளவே.

தொலைபேசி அணியின் கதை வேறு. அவர்கள் விரும்பிய துறைமுகத்தையும் மாதத்தையும் சொன்னவுடன் திரை ஒரு நொடியில் பயணங்களை வரிசைப்படுத்திக் காட்டியது; தாளால் இது இயலாது. ஆனால் முதலில் நின்றது மலிவானதன்று, "பரிந்துரைக்கப்படுவது". யார் பரிந்துரைத்தார், யாருடைய நன்மைக்காக என்பது எழுதப்படவில்லை. காலையில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை. "இன்னும் இரண்டே அறைகள்" என்ற அச்சுறுத்தல் மூன்று நாளும் மாறாமல் நின்றது. வரிகள், பெயரையும் தொலைபேசி எண்ணையும் கேட்டுப் பெற்ற பின்னரே கடைசித் திரையில் தலைகாட்டின. எல்லாம் ஆங்கிலத்தில். சிறிய திரையில் இரண்டு பயணங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கவும் வழியில்லை. கடைசியில் ஒரு மாணவி கொப்பியைத் திறந்து, திரையில் கண்டதை எல்லாம் தாளில் எழுதத் தொடங்கினாள்.

எனினும் ஓரிடத்தில் தாள் தோற்றது. ஒரு நூல் சுயெஸ் கால்வாய் வழியே கோடு கிழித்திருந்தது. 2023 இறுதியில் செங்கடலிற் கப்பல்கள் மீது தாக்குதல்கள் தொடங்கிய பிறகு, 2024இல் பல உல்லாசக் கப்பல்கள் அவ்வழியைக் கைவிட்டன. தாளுக்கு அது தெரியாது, திரைக்குத் தெரிந்திருந்தது. ஆகவே நாங்கள் கண்ட முடிவு இதுதான்: தாள் தான் மறைப்பதை ஓரிடத்தில் மறைத்து வைக்கிறது, தேடினால் அகப்படும். திரை நகர்த்தி நகர்த்தி மறைக்கிறது. தாள் பழசாகிவிடும், ஆனால் சொன்ன சொல்லை மாற்றாது. திரை புதியது, ஆனால் நேற்றுச் சொன்னதற்கு இன்று சாட்சியில்லை. திரையில் தேடித் தாளில் எழுதுவதே அறிவுடைமை.

எழுதுவதற்கு நிரல்கள் வகுத்தோம்: துறைமுகம், சேரும் நேரம், புறப்படும் நேரம், கட்டணத்தில் அடங்குவது, அடங்காதது, பயணம் தடைப்பட்டால் யார் பொறுப்பு. ஆறு நிரல்கள் போதுமென்று நினைத்தேன். ஏழாவது நிரலைச் சொல்லித் தந்தவர் பள்ளிக்கூடமே போகாத ஒருவர்.

கொப்பியில் எழுதிய அந்த மாணவியின் வீடு ஒரு லயன் அறை. நான் போயிருந்தபோது அவளுடைய அம்மாயி, எழுபத்தைந்து வயதைக் கடந்தவர், அடுப்படி வெளிச்சத்தில் அந்த நூல்களின் வரைபடங்களை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். கோடு புறப்பட்ட துறையிலேயே வந்து முடிவதைப் பேத்தி விளக்கியிருக்கிறாள். என்னைக் கண்டதும் கேட்டார்:

"ஏன் மாஸ்டர், இதுல எல்லாக் கப்பலும் பொறப்பட்ட எடத்துக்கே திரும்பி வருதே. எங்க அக்கா போன கப்பலுக்கு மட்டும் ஏன் திரும்பி வர்ற திகதி போடல?"

பல்கலைக்கழகத்தில் நான் படித்த எந்த நூலிலும் இவ்வளவு சுருக்கமாக அந்தக் கேள்வி கேட்கப்படவில்லை.

அக்கா போனது 1973இல். 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் எங்களை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் எங்களை எண்களாக்கியது: 975,000 பேர், இந்தியாவுக்கு 525,000, இலங்கைக்கு 300,000, எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவதாக ஏற்பாடு. 1974இல் அதையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அக்காவின் கணவர் இந்தியாவுக்கு விண்ணப்பித்தார். தங்கையின் கணவர் இலங்கைக்கு. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் இரு நாட்டவராயினர். அட்டன் நிலையத்தில் எழுந்த அழுகுரலைக் கேட்ட எங்கள் மக்கள் அந்த வண்டிக்கு "ஒப்பாரிக் கோச்சி" என்றே பெயர் வைத்தனர். தலைமன்னாரில் "இராமானுஜம்" கப்பல், இராமேசுவரம், மண்டபம் முகாம், பிறகு நீலகிரி. 1968இல் தமிழக அரசு தாயகம் திரும்பியோருக்காகத் தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் ஒன்றில் அக்காவுக்கு மறுபடியும் அதே கூடை.

1844இல் பி. அண்ட் ஓ. கம்பனி, மத்தியதரைக் கடலில் ஓர் உல்லாசப் பயணத்துக்கு நாவலாசிரியர் தாக்கரேக்கு இலவசச் சீட்டுக் கொடுத்தது. அவர் அப்பயணத்தை ஒரு நூலாக எழுதினார். இன்றைய விளம்பர நூல்களுக்கு அதை ஒரு மூதாதை எனலாம். அதே நூற்றாண்டில் எங்கள் முன்னோரும் கடல் கடந்தனர். அவர்களுக்குக் காட்டப்பட்ட விளம்பரம் அச்சில் வரவில்லை. ஆள்கட்டும் கங்காணியின் நாவில் வந்தது. தேயிலைத் தூரில் தேங்காயும் மாசியும் விளையும் என்றான் கங்காணி. அந்தச் சொல்லின் ஓரத்தில் நட்சத்திரக் குறி இல்லை. மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடக்க வேண்டுமென்பதும், வழியில் பேதியாலும் காய்ச்சலாலும் மடிய நேருமென்பதும் எந்தக் கடைசிப் பக்கத்திலும் இல்லை. 2023இல், இருநூறு ஆண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நம்மவர் நடந்தபோது, அந்தக் கடைசிப் பக்கத்தைத்தான் காலால் எழுதினார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

இவையெல்லாம் பழங்கதை என்று யாரும் எண்ண வேண்டாம். அன்று அந்த லயன் அறையில் இன்னொரு பயணமும் ஆயத்தமாகிக் கொண்டிருந்தது. மாணவியின் அண்ணன், இருபத்து நான்கு வயது இளைஞன், தன் தொலைபேசியை என்னிடம் நீட்டினான். உல்லாசக் கப்பலில் அறைப் பணியாளர் வேலை. உணவும் தங்குமிடமும் இலவசம். முற்பணம் மூன்று இலட்சம் ரூபா. வெள்ளைக் கப்பலின் படத்தை நான் அறிவேன். என் மேசைமீது கிடந்த ஒரு நூலின் அட்டைப்படம் அது. தாயின் நகையும் தந்தையின் சேமலாப நிதிப் பணமும் சேர்த்துக் கட்டுவதாக முடிவு செய்திருந்தார்கள். 2024இல் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. மூன்று இலட்சமென்றால் இருநூற்றிருபத்திரண்டு நாள் உழைப்பு.

"இதில் திரும்பி வரும் திகதி எங்கே?" என்று கேட்டேன். அம்மாயியின் கேள்வியைத்தான் கேட்டேன்.

அன்றிரவு பேத்தியும் நானுமாகத் தேடினோம். சர்வதேசத் தொழில் அமைப்பு 2006இல் நிறைவேற்றிய கடல்சார் தொழிலாளர் சமவாயம் 2013 ஓகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. அது சொல்வது தெளிவானது. கப்பற் பணிக்கு ஆள் சேர்ப்பதற்காகத் தொழிலாளியிடம் கட்டணம் வாங்கலாகாது. மருத்துவச் சான்றிதழ், கடவுச்சீட்டு போன்ற சில செலவுகள் மட்டுமே அவனைச் சேரும். எந்த இருபத்து நான்கு மணி நேரத்திலும் குறைந்தது பத்து மணி நேர ஓய்வு வேண்டும். ஒப்பந்தம் முடிந்ததும் அவனை ஊர் சேர்க்கும் செலவு கப்பல் உரிமையாளருடையது. அந்த உரிமைக்கு அச்சமவாயம் தரும் பெயர் "தாயகம் திரும்புதல்". படித்தபோது என் கை நின்றுவிட்டது. அதே சொல்லின் பெயரால்தான் அம்மாயியின் அக்காள், தான் பிறந்த மண்ணிலிருந்து, தான் பார்த்தறியாத மண்ணுக்கு அனுப்பப்பட்டாள். ஒரு சொல், ஒருவனுக்கு உரிமை, ஒருத்திக்குத் தண்டனை. சொல்லை யார் எழுதுகிறார் என்பதில் இருக்கிறது வேறுபாடு.

இலங்கையில் கப்பற் பணிக்கு ஆள் சேர்க்கும் முகவருக்கு வணிகக் கப்பற்றுறைப் பணிப்பாளர் நாயகத்தின் அனுமதி வேண்டும். நாங்கள் தேடிய பட்டியலில் அந்த முகவரின் பெயர் இல்லை. ஒப்பந்தக் காலம், கப்பல் பதிவு செய்யப்பட்ட நாடு, திரும்பும் செலவு ஆகிய மூன்றையும் எழுத்தில் கேட்டு இளைஞன் செய்தி அனுப்பினான். பதில் வரவில்லை. நான்காம் நாள் அந்தக் கணக்கே மறைந்துவிட்டது. வெள்ளைக் கப்பலும் மறைந்துவிட்டது.

இதைச் சொல்லி நான் பெருமைப்பட இயலாது. மூன்று இலட்சம் தப்பியது உண்மை. ஆனால் இளைஞனுக்கு வேலை கிடைக்கவில்லை. "உங்களுக்கு மாசச் சம்பளம் இருக்கு மாஸ்டர். எனக்கு அந்தப் படமாவது இருந்துச்சு" என்றான். பிறகு கொழும்பில் ஒரு புடைவைக் கடைக்குப் போய்விட்டான். பொய்யை இனங்காணக் கற்பிப்பது ஆசிரியர் கடமை. பொய்யை நம்பத் தேவையில்லாத வாழ்வை ஆக்குவதோ சமூகம் முழுவதன் கடமை. முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதை மறந்தால், நாம் அவனுடைய கனவைப் பறித்தவர்களாகவே முடிவோம்.

இப்போது எங்கள் வகுப்பறைச் சுவரில் ஏழு நிரல்கள் கொண்ட ஒரு பெரிய தாள் தொங்குகிறது. வெளிநாட்டு வேலை, தொழிற்பயிற்சி, கல்விக் கடன் என்று ஊருக்குள் வரும் எந்த விளம்பரத்தையும் பிள்ளைகள் அதில் எழுதிப் பார்க்கிறார்கள். நிரம்பாத கட்டம் எதுவோ, அதைப் பற்றித்தான் கேள்வி கேட்க வேண்டுமென்று அவர்களே சொல்கிறார்கள்.

அம்மாயிக்கு ஓர் ஆசை. கோத்தகிரியிலிருக்கும் அக்காவை ஒருமுறை பார்க்க வேண்டும். அவள் போனது போலவே கப்பலிற் போக வேண்டும். தலைமன்னார்க் கப்பல் 1980களில் நின்றுபோனது. 2023 ஜூனில் சென்னையிலிருந்து "எம்பிரஸ்" என்னும் உல்லாசக் கப்பல் அம்பாந்தோட்டைக்கும் திருகோணமலைக்கும் காங்கேசன்துறைக்கும் வந்தது; அது அம்மாயிக்கான கப்பலன்று. 2023 ஒக்டோபர் 14இல் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் தொடங்கியது; சில நாட்களில் நின்றது; 2024 ஓகஸ்ட் 16இல் மறுபடி தொடங்கியது. நான்கு மணி நேரக் கடல். வடகீழ்ப் பருவக்காற்றின் காலத்தில் நம்ப முடியாது. ஆகவே புறப்படும் நாளைத் திரையில் பார்க்க வேண்டும்; மற்றவற்றைத் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும்.

கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்திருக்கிறோம். அதுவரை அம்மாயியின் பயண நிரலை ஒரு வெள்ளைத் தாளில் பெரிய எழுத்தில் எழுதித் தருமாறு பேத்தி என்னைக் கேட்டாள். வழக்கப்படி, புறப்படும் இடத்தை எழுதப் பேனாவை எடுத்தேன். அம்மாயி தடுத்தார்.

"மொதல்ல திரும்பி வர்றத எழுதுங்க மாஸ்டர்."

அப்படியே எழுதினேன்.