காளஹஸ்தி போறீங்களா? கோயிலோடு திரும்பிடாதீங்க... கடுக்காயில் பிறக்கும் கறுப்பையும் பாருங்க!

பஞ்சபூதத் தலங்களில் வாயுத் தலம், கண்ணப்ப நாயனார் கண்ணைக் கொடுத்த ஊர், ராகு - கேது பூஜை... ஸ்ரீகாளஹஸ்தி என்றதும் நமக்கு நினைவுக்கு வருபவை இவைதான். பூஜை முடிந்த கையோடு பலரும் திருப்பதிக்கோ சென்னைக்கோ பஸ் ஏறிவிடுகிறார்கள். இதே ஊரில்தான், கடுக்காயின் துவர்ப்பை வைத்துத் துணியில் புராணக் கதைகளைத் தீட்டும் கலம்காரி ஓவியர்களும் இருக்கிறார்கள்.

'கலம்' என்றால் பேனா. 'காரி' என்றால் கைவேலை. மூங்கில் குச்சியைக் கூராகச் சீவி, நுனிக்குச் சற்று மேலே கம்பளித் துணியைச் சுற்றி நூலால் கட்டினால் பேனா ரெடி. மையில் தோய்த்து, துணிச் சுற்றை விரலால் மெள்ள அழுத்தினால் கோடு இறங்கும்.

ஆனால், வரைவதற்கு முன்பே வேலை தொடங்கிவிடுகிறது. பருத்தித் துணியை, கடுக்காய்ப் பொடியும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறவைத்து வெயிலில் உலர்த்துகிறார்கள். மை பரவாமல் தடுப்பது பாலில் உள்ள கொழுப்பு. கடுக்காய் எதற்கு? அதை வாயில் போட்டால் நாக்கை இழுத்துப் பிடிக்குமே, அந்தத் துவர்ப்புக்குக் காரணம் 'டானின்' என்ற பொருள். டீ, பாக்கு, மாதுளைத் தோலிலும் இது உண்டு.

அடுத்தது மை. துருப்பிடித்த இரும்புத் துண்டுகளையும் வெல்லத்தையும் பானைத் தண்ணீரில் போட்டு, வாரக்கணக்கில் புளிக்க விடுகிறார்கள். வடிகட்டிய அந்த நீரில் கறுப்பே இருக்காது. கடுக்காய் ஊறிய துணியில் பட்டதும், இரும்பும் டானினும் சேர்ந்து கண்ணெதிரே கோடு கறுத்துவிடும். நிறம் துணியின் இழையிலேயே உருவாவதால், துவைத்தாலும் எளிதில் போகாது.

சிவப்புக்குப் படிகார நீரால் வரைந்து, மஞ்சிட்டி போன்ற தாவரச் சாயத்தில் கொதிக்க வைக்கிறார்கள். மஞ்சளுக்குக் கடுக்காய்ப் பூ. நீலத்துக்கு அவுரி.

ஒவ்வொரு கட்டத்திலும் துணியை அலச வேண்டும். அதுவும் ஓடும் நீரில்! தேங்கிய நீரில் அலசினால், கரைந்த சாயம் வேறு இடத்தில் ஒட்டிக் கறையாகிவிடும். ஊரை ஒட்டி ஓடும் சுவர்ணமுகி ஆறுதான் இந்தக் கலைக்கு ஆதாரம். ஆனால், அதில் ஆண்டு முழுவதும் தண்ணீர் ஓடுவதில்லை.

இன்னொரு சவால், மெஷினில் அச்சடித்து 'கலம்காரி' என்ற பெயரில் விற்கப்படும் மலிவு விலைத் துணிகள். ஒரு துணியில் பல நாள்கள் உழைப்பவர்கள் அந்த விலைக்கு எப்படிக் கொடுக்க முடியும்? ஸ்ரீகாளஹஸ்தி கலம்காரிக்குப் புவிசார் குறியீடு உண்டு. இங்குள்ள ஓவியர் ஜே.குருப்ப செட்டிக்கு 2008-ல் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தது. ஆனாலும், இந்தக் கலை நிலைக்க, அசலைத் தேடி வாங்குபவர்கள் வேண்டும்.

அசலைக் கண்டுபிடிப்பது எப்படி? கையால் வரைந்த கோடு ஓரிடத்தில் தடித்தும், ஓரிடத்தில் மெலிந்தும் இருக்கும். ஒரே துணியில் உள்ள இரண்டு மயில்கள்கூட அச்சு அசலாக ஒன்றுபோல இருக்காது. எல்லாம் பிசகில்லாமல் ஒரே மாதிரி இருந்தால், அது கையால் வரைந்ததாக இருக்க வாய்ப்பில்லை.

அடுத்தமுறை காளஹஸ்தி போகும்போது தரிசனத்துக்குப் பிறகு ஒரு மணி நேரம் கூடுதலாக ஒதுக்குங்கள். பானையில் புளித்த இரும்பு நீர் துணியில் கறுப்பாக மாறுவதை நேரில் பார்த்தால், ஏன் இந்த விலை என்று கேட்கத் தோன்றாது!