இன்னொருவர் கண்

“என் கதையில் ஓர் எழுத்தைக்கூட மாற்றக் கூடாது” என்ற நிபந்தனையோடு பத்திரிகைக்குக் கதை அனுப்புகிற இளைஞர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய ரோஷம் எனக்குப் பிடிக்கும். ஆனால், அதனால் நஷ்டமடைகிறவர்கள் அவர்கள்தாம்.

எழுதியவன் தன் பிரதியை எத்தனை தடவை புரட்டினாலும், மனத்தில் இருப்பதைத்தான் படித்துக்கொண்டு போகிறான். கதாநாயகி ஏன் அழுதாள் என்பது அவனுக்குத் தெரியும். ஆகவே அந்தக் காரணம் எழுத்தில் வராமல் போனது அவன் கண்ணில் படுவதில்லை. பிரதியைப் பத்து நாள் பெட்டியில் போட்டு வைத்துப் பிறகு எடுத்துப் பார்த்தால் பாதிக் குறை தெரியும். மீதியைக் காண இன்னொருவர் கண் வேண்டும்.

நான் குடியிருக்கும் மூலக்கொத்தளத்தில், 1939-இல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சிறைப்பட்டு உயிர்நீத்த நடராசனும் தாளமுத்துவும் அடக்கமான இடுகாடு இருக்கிறது. அந்தப் பக்கம் கல்லறைக் கல்லில் பெயர் பொறிக்கும் தொழிலாளி ஒருவரைப் பார்த்திருக்கிறேன். கல்லில் சாக்குக்கட்டியால் எழுதிவிட்டு, உளியை எடுக்குமுன் இறந்தவர் வீட்டாரைக் கூப்பிட்டு உரக்கப் படிக்கச் சொல்வார். “எழுதுனவன் கண்ணு ஏமாத்திடும் சார். வெட்டினப்பறம் கல்லு கேக்குமா?” என்பார். அச்சேறிய எழுத்தும் அப்படித்தானே?

பதிப்பாசிரியர் என்றால் ஒற்றெழுத்துப் போடுகிறவர் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அது பிழை திருத்துபவரின் வேலை, அதுவும் அவசியமானதுதான். பதிப்பாசிரியரின் வேலை கேள்வி கேட்பது. “மூன்றாம் அத்தியாயத்தில் செத்துப்போன மாமனார் ஏழாம் அத்தியாயத்தில் காபி கேட்கிறாரே?” “இந்தப் பக்கத்தை எடுத்துவிட்டால் கதைக்கு என்ன குறைந்துவிடும்?” இவற்றுக்குப் பதில் சொல்லும் உரிமை எழுதியவனிடமே இருக்கிறது. பதில் இல்லாதபோதுதான் கோபம் வருகிறது!

இங்கிலாந்தில் வாழ்ந்த கவிஞர் எலியட் 1922-இல் ‘பாழ்நிலம்’ என்ற நெடுங்கவிதையை வெளியிட்டார். அதற்கு முன் நண்பர் எஸ்ரா பவுண்டு கையெழுத்துப் பிரதியில் ஏராளமான வரிகளை அடித்துத் தள்ளியிருந்தார். எலியட் சண்டைக்குப் போகவில்லை. கவிதையை அவருக்கே காணிக்கையாக்கினார்.

தமிழில் இந்த வேலையைத் தவம் போலச் செய்தவர் ‘க்ரியா’ ராமகிருஷ்ணன். 1974-இல் சென்னையில் பதிப்பகம் தொடங்கிய அவர், பிரதியைச் செம்மை செய்யாமல் அச்சுக்கு அனுப்பாதவர் என்று பெயர் பெற்றார். அவருடைய பதிப்பகத்தின் தற்காலத் தமிழ் அகராதி 1992-இல் வந்தது. 2008-இல் திருத்தி விரிவாக்கப்பட்டது. மூன்றாம் பதிப்பு 2020 நவம்பரில், அவர் கொரோனா கண்டு மருத்துவமனையில் படுத்திருந்தபோது வெளியாயிற்று. சில நாட்களில் அவர் காலமானார். ஒரே நூலை இத்தனை வருஷம் திருத்திக்கொண்டிருந்தவர் வாழ்ந்த ஊரில், முதல் பிரதியே முடிந்த பிரதி என்று நாம் சாதிக்கலாமா?

சம்பளத்தில் மிச்சம் பிடித்துத்தான் வாசகர் புத்தகம் வாங்குகிறார். நாம் மேஜையில் படாத சிரமத்தையெல்லாம் அவர் சாய்வு நாற்காலியில் படவேண்டுமென்பது எந்த ஊர் நியாயம்?