முடிந்த கதையைத் தேடி...

ஆங்கிலத்தில் ஃபேன்டஸி நாவல்களை ஒலிப்புத்தகமாகக் கேட்க ஆரம்பிக்கிற யாருக்கும் கொஞ்ச நாளிலேயே ஒரு விஷயம் புரிந்துவிடும். இங்கே 'கதை நன்றாக இருக்கிறதா?' என்பது இரண்டாவது கேள்விதான். முதல் கேள்வி, 'கதை முடிந்துவிட்டதா?'

காரணம் இல்லாமல் இல்லை. ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டினின் 'எ கேம் ஆஃப் த்ரோன்ஸ்' வெளிவந்தது 1996-ல். ஐந்தாவது புத்தகம் 2011-ல். ஆறாவது? 2024 முடிகிற வரைக்கும் வரவில்லை. அதே 2011-ல்தான் பேட்ரிக் ராத்ஃபஸ் தன் 'கிங்கில்லர்' வரிசையில் இரண்டாம் புத்தகத்தைக் கொடுத்தார். மூன்றாவதும் 2024 வரை வந்தபாடில்லை. பத்தாம் வகுப்பில் இவற்றைப் பிடித்தவர்கள் இன்று தங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுக்கொண்டிருப்பார்கள் :-)

கேட்பவர்களுக்கு இந்தத் தவிப்பு இன்னும் அதிகம். அச்சுப் புத்தகம் என்றால் பின்னால் புரட்டி, 'யார் இந்த ஆள்?' என்று பார்த்துக்கொள்ளலாம். காதால் கேட்டதை அப்படிச் சுலபமாகப் புரட்ட முடியாது. ஐந்து வருடம் இடைவெளி விழுந்தால் பாதிப் பெயர்கள் மறந்துபோகும்.

குரல் மாறுகிற ஆபத்தும் உண்டு. மார்ட்டினின் தொடரை வாசித்த ராய் டோட்ரிஸ், முதல் நாவலில் மட்டும் 224 பாத்திரங்களுக்குக் குரல் கொடுத்துக் கின்னஸில் இடம் பிடித்தவர். நான்காவது புத்தகத்தை முதலில் வாசித்தது ஜான் லீ என்கிற வேறொருவர். பிறகு டோட்ரிஸே அதையும் வாசித்தார். 2017-ல் டோட்ரிஸ் காலமாகிவிட்டார். இனி ஆறாவது புத்தகம் வந்தாலும் அந்தக் குரலில் வராது.

சரி, முடிந்த தொடர்களுக்கு வருவோம். அவற்றில் மலை மாதிரி நிற்பது ராபர்ட் ஜோர்டானின் 'வீல் ஆஃப் டைம்'. முதல் புத்தகம் 1990-ல் வந்தது. மொத்தம் 14 புத்தகங்கள், தனியாக ஒரு முன்கதை. ஒலிவடிவில் ஏறக்குறைய 460 மணி நேரம். தினமும் இரண்டு மணி நேரம் கேட்டாலும் ஏழெட்டு மாதம் ஓடும்.

இந்தத் தொடரும் முடியாமலே போயிருக்க வேண்டியதுதான். ஜோர்டான் ஒரு அரிய நோயால் 2007 செப்டம்பரில் இறந்தார். கடைசிப் பகுதியை யாராவது எழுதி முடிக்கட்டும் என்று குறிப்புகளை விட்டுச்சென்றார். சில காட்சிகளைச் சொல்லச் சொல்ல எழுதவும் வைத்தார். அவருடைய மனைவி ஹேரியட் மெக்டூகல்தான் அவருக்கு எடிட்டரும்கூட. பிராண்டன் சாண்டர்சன் என்ற இளம் எழுத்தாளர் ஜோர்டானுக்கு எழுதிய அஞ்சலியைப் படித்துவிட்டு, வேலையை அவரிடம் ஒப்படைத்தார். ஒரே புத்தகமாகத் திட்டமிட்டது மூன்றாக வளர்ந்து 2013 ஜனவரியில் முடிந்தது. கடைசிக் காட்சி மட்டும் ஜோர்டான் ஏற்கெனவே எழுதி வைத்தது.

மைக்கேல் கிராமர், கேட் ரீடிங் என்ற தம்பதிதான் பதினான்கு புத்தகங்களையும் வாசித்தவர்கள். ஆண் பாத்திரங்களின் பார்வையில் வரும் பகுதி அவருக்கு, பெண் பாத்திரங்களுடையது இவருக்கு. எழுதிய கை மாறியது, ஆனால் கேட்ட குரல் மாறவில்லை. அச்சில் படித்தவர்களுக்குக் கிடைக்காத ஆறுதல் இது.

நடுவில் சில புத்தகங்கள் ஆமை வேகம்தான், அதை மறைப்பதற்கில்லை. துணி துவைக்கும்போதும் பஸ்ஸில் நிற்கும்போதும் கேட்டால் கடந்துவிடலாம்.

எடுத்த எடுப்பில் 460 மணி நேரமா என்று மலைப்பவர்களுக்குச் சின்ன வாசல்களும் இருக்கின்றன. சாண்டர்சனின் 'மிஸ்ட்பார்ன்' முதல் மூன்று நாவல்கள் (2006-2008) சுமார் 80 மணி நேரம். வாசிப்பது அதே கிராமர். கதை அங்கேயே முழுமையாக முடிகிறது, விருப்பமிருந்தால் மட்டும் மேலே போகலாம். அதே வருடங்களில் வந்த ஜோ அபர்கிராம்பியின் 'ஃபர்ஸ்ட் லா' மூன்று புத்தகங்களும் அப்படித்தான். அதில் ஸ்டீவன் பேஸி நொண்டிக்கொண்டு படியேறும் விசாரணை அதிகாரிக்குக் கொடுக்கும் குரலைக் கேட்டவர்கள், அதை அச்சில் படிக்க யோசிப்பார்கள். ராபின் ஹாப்பின் 'ஃபார்சீர்' (1995-1997) மூன்று புத்தகங்கள். அந்த உலகத்திலேயே இன்னும் இருக்க ஆசைப்பட்டால் 2017 வரை மொத்தம் பதினாறு.

ஆனால் ஒன்று. முடிந்த பிறகுதான் தொடுவேன் என்று எல்லோருமே உட்கார்ந்துவிட்டால் என்ன ஆகும்? முதல் புத்தகம் விற்காத புது எழுத்தாளரின் மூன்றாம் புத்தகத்தைப் பதிப்பகம் ஏன் போடப்போகிறது? ஏமாந்த வாசகரின் ஜாக்கிரதை, அடுத்த தொடரை முளையிலேயே கிள்ளிவிடுகிறது. 1990-ல் எல்லோரும் அப்படிக் காத்திருந்தால் 'வீல் ஆஃப் டைம்' இரண்டாம் புத்தகத்தைத் தாண்டியிருக்குமா என்பதே சந்தேகம்.

இதற்கு ஒரு வழி உண்டு. முடிந்த தொடர்கள் மூன்று கேட்டால், முடியாத தொடரின் முதல் புத்தகம் ஒன்றையும் காசு கொடுத்து வாங்கிக் கேட்பது. பாக்கி வந்தால் லாபம். வராவிட்டாலும் ஒரு நல்ல புத்தகம் கேட்ட கணக்கு.